தம்பி தந்த மாத்திரை

நடைப்பயிற்சி போனதால்தான் எனக்கு ஈரல் கெட்டுப்போனது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. மாதா கோவில் வாசலில் என்னைப் பார்க்கிறவர்கள், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா ஸ்டெல்லா?" என்று கேட்கிறார்கள். என்னைக் காரணம் காட்டி நடப்பதை நிறுத்தியவர்களும் உண்டு. அது தவறு. நடந்தது என்ன என்பதை வரிசையாகச் சொல்லிவிட்டால் அந்தத் தவறு கொஞ்சமாவது குறையும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலில் ஏறப்போகும் கண்டெய்னர்களுக்குச் சுங்கத் தாள்கள் தயாரிப்பது என் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டேன். மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன். என் கணவர் தாசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருக்கும் உட்கார்ந்த வேலைதான், உயரத்தில். எங்கள் இரண்டு பேரையும் பைக்கில் ஒன்றாகப் பார்க்கிறவர்கள், எங்கள் பருமனைத் தாங்குமா என்று டயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரே மகள் மெர்லின், பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் எல்லோருக்கும் செய்த உடல் பரிசோதனையில், எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று வந்தது. பயப்பட வேண்டாம், எடையைக் குறைத்தால் இரண்டும் இறங்கும் என்றார்கள். அப்போதுதான் என் தம்பி சேவியர் நினைவுக்கு வந்தான்.

சேவியர் பல வருஷம் கப்பலில் ஃபிட்டராக இருந்தவன். கப்பல் சாப்பாட்டில் என்னைப் போலவே பெருத்துப்போய், மூட்டுவலியோடு கரைக்கு வந்தான். ஊரில் இருந்துகொண்டே பயிற்சி செய்து ஆளே மாறிப்போனான். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த மாடியை வாடகைக்குப் பிடித்து ஜிம் ஆரம்பித்தான். மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறவர்களுக்கான ஜிம் அது. பெண்களுக்குக் காலையில் தனி நேரம். யாரையும் விரட்ட மாட்டான். "இன்னைக்கு வந்தியள்லா, அது போதும்" என்பான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் நான் சேர்ந்தேன். முதலில் நடை மட்டும். பிறகு லேசான எடை தூக்குவது. ஒரு மாதம் போனதும் உண்மையாகவே உடம்பு லேசானது. கட்டிலிலிருந்து எழும்போது கையை ஊன்ற வேண்டியிருக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் சேவியர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என்னிடம் கொடுத்தான்.

"அக்கா, இது ஆன்டி ஆக்சிடன்ட். மருந்து இல்ல. பச்சைத் தேயிலைச் சத்து, வைட்டமின் எல்லாம் சேத்தது. பயிற்சி செஞ்சா உடம்புக்குள்ள ஒரு கழிவு உண்டாகுமாம். அதை இது சுத்தம் பண்ணிரும். கொழுப்பும் சீக்கிரம் கரையும்."

"நீ சாப்பிடுதியா?"

"ஆறு மாசமாச் சாப்பிடுதேன். எனக்கு ஒண்ணும் செய்யல. நல்லதுதான் செஞ்சிருக்கு."

சென்னையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி அதை அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு விற்றான். என்னிடம் காசு வாங்கியதில்லை. டப்பாவில் பச்சை இலை படம் இருந்தது. பயிற்சிக்கு முன்னால் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும் என்று போட்டிருந்தது. தேயிலைதானே என்று நானும் நினைத்தேன்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. நான் சின்ன வயதிலிருந்தே தவக்காலத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவேன். அந்த வருஷமும் அப்படித்தான். எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, பிறகு நடை, பிறகு ஆபீஸ், மதியம்தான் சோறு. எடை இன்னும் வேகமாக இறங்கியது. எல்லோரும் மெலிந்துவிட்டாய் என்று சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்து ஞாயிறுக்குச் சில நாள் முன்பு சாப்பாடு வெறுத்துப்போனது. மீன் வாசனை வந்தாலே குமட்டியது. படி ஏறினால் கால் துவண்டது. வெயில், விரதம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போனதற்கும் தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு சாயங்காலம் மெர்லின் வீடியோவில் கூப்பிட்டாள். பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு, "அம்மா, லைட்டைப் போடு" என்றாள். போட்டேன்.

"போனைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு வா."

கொண்டு போனேன். திரையில் அவள் முகம் கிட்ட வந்தது. பிறகு, "அப்பாவக் கூப்பிடு" என்றாள்.

மறுநாள் ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். மஞ்சள் காமாலை, கிருமியால் வந்ததாக இருக்கும், அட்மிட் ஆகுங்கள் என்றார்கள். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அங்கே கேட்டார்கள்தான். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த டப்பா என் மனதில் மாத்திரைக் கணக்கிலேயே இல்லை. அது ஹார்லிக்ஸ் மாதிரி ஒரு சமாச்சாரம்.

அங்கே காத்திருக்கும் இடத்தில் என்னைப் போல மஞ்சள் கண்ணோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருமே குடியால் வந்தவர்கள். அதில் ஒருவரின் மனைவி என்னைப் பார்த்து, "உங்களுக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் குடிக்கிறதில்லை என்று சொல்வதற்குள் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்வி அன்று முழுவதும் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்தார்கள். தாசன் அதை வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு, "டாக்டர்ட்ட கேக்காம ஒண்ணும் குடிக்காதளா" என்றார். எதற்கும் அவசரப்படாத மனுஷர் அவர். ஆனால் அந்த நாட்களில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவே அவரால் முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

கிருமிக்கான சோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. எதிலும் கிருமி இல்லை. ஆனால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு ஏறிக்கொண்டே போனது. கல்லீரலின் செல்கள் உடையும்போது உள்ளே இருக்கும் சில பொருட்கள் ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிகிறதோ அவ்வளவு சேதம். எனக்குச் சாதாரண அளவைவிடப் பல மடங்கு இருந்தது. அதைவிடக் கவலை, ரத்தம் உறையும் நேரம். வெட்டுப்பட்டால் ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருளைக் கல்லீரல்தான் செய்கிறது. அது செய்யாமல் போனால் உறைய நேரமாகும். அந்தக் கணக்குக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் காலையில் ஆஸ்பத்திரி டாக்டர் தாசனை வெளியே கூப்பிட்டுப் பேசினார். உள்ளே வந்ததும் தாசன் என் துணிகளைப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

"எங்கன போறோம்?" என்றேன்.

"மதுரைக்கு. அங்க ஈரலுக்குன்னு தனி டாக்டர் இருக்காவளாம்."

ஆம்புலன்சில் சேவியரும் ஏறிக்கொண்டான். என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தான். எட்டயபுரம் தாண்டும்வரை எனக்கு நினைவு இருக்கிறது. கரிசல் நிலத்து வெயில் ஜன்னலில் அடித்தது. பிறகு தூங்கினேனா, மயங்கினேனா தெரியவில்லை.

மதுரையில் என்னைப் பார்த்த கல்லீரல் டாக்டர் ஒரு பெண். என்னைவிட இளையவர். மெதுவாகப் பேசுவார். முதலில் என் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, போக்குவரத்துப் போலீஸ் வண்டியை நிறுத்துவதுபோல உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். விரல்கள் தாமாக ஆடுகின்றனவா என்று பார்த்தார். கல்லீரல் வேலை செய்யாதபோது ரத்தத்தில் நஞ்சு சேர்ந்து மூளைக்குப் போகும், அப்போது கை இப்படி ஆடும், ஆளும் குழம்புவார் என்று விளக்கினார். பிறகு ஒன்று கேட்டார்.

"டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கேக்கல. கடையில, ஜிம்முல, ஆன்லைன்ல, சொந்தக்காரங்க கொடுத்தது, எதுவா இருந்தாலும் சரி. இந்த நாலு மாசத்துல சோறு தண்ணி தவிர வாயில என்னென்ன போட்டீங்க?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்ற சேவியர் தன் தோள்பையைத் திறந்தான். அவன் தினமும் சாப்பிடுவதற்காக எடுத்து வந்த டப்பா அதில் இருந்தது. அதை எடுத்து டாக்டரின் முன்னால் மேசையில் வைத்தான்.

"நான்தான் குடுத்தேன்" என்றான்.

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். தேயிலைச் சாறு என்றால் நாம் குடிக்கிற டீ மாதிரி என்று நினைக்கிறோம். பல கோப்பை டீயில் இருக்கிற ஒரு பொருளை மட்டும் பிரித்து, சுண்டக் காய்ச்சி, ஒரு மாத்திரைக்குள் அடைத்தால் அது வேறு சரக்கு என்றார். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. யாரோ சிலருக்கு மட்டும் கல்லீரலைத் தாக்கும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"வெறும் வயித்துல போட்டீங்களா?"

"தவக்காலம் டாக்டர். காலையில சாப்பிட மாட்டேன்."

அவர் தலையசைத்தார். "வெறும் வயித்துல அது இன்னும் அதிகமா ரத்தத்துல ஏறும்."

"அவ நடந்ததால இல்லியே டாக்டர்?" என்று தாசன் கேட்டார்.

"இல்ல சார். நடந்ததுதான் அவங்க செஞ்ச நல்ல காரியம்."

பிறகு டாக்டர் சேவியர் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் அப்படியே எழுத முயல்கிறேன். பயிற்சி செய்யும்போது தசைக்குள் ஒரு வகைத் துகள்கள் உண்டாகும். அவை அதிகமானால் கெடுதல், உண்மைதான். ஆனால் பயிற்சியில் உண்டாகும் கொஞ்சம் துகள், உடம்புக்கு ஒரு செய்தி மாதிரி. அந்தச் செய்தி போனால்தான் உடம்பு தன் காவலைத் தானே பலப்படுத்திக்கொள்ளும். வெளியிலிருந்து மாத்திரையைக் கொட்டி அந்தச் செய்தியை அழித்துவிட்டால், பயிற்சியின் பலனிலும் கொஞ்சம் குறையலாம். எல்லா ஆராய்ச்சியும் இதில் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனால் குண்டாக இருப்பவர்கள் நடப்பதோடு இதையும் விழுங்கினால் கூடுதல் நன்மை என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றே எனக்கு நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் மருந்து. அது என்ன என்று கேட்டேன். டாக்டர் லேசாகச் சிரித்து, "சொன்னா நம்ப மாட்டீங்க. இதுவும் ஆன்டி ஆக்சிடன்ட் வகைதான். உங்க கல்லீரல்ல தீர்ந்துபோன ஒரு காவல் பொருளைத் திரும்ப உண்டாக்குறதுக்கு. ஆனா இது ஆஸ்பத்திரியில, அளவு பாத்து, தேவைப்பட்டவங்களுக்குக் கொடுக்கிறது" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இந்த மருந்து கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் மாற்றுக் கல்லீரல்தான் வழி, அதற்கும் இப்போதே தயாராக வேண்டும் என்றார்.

மாற்றுக் கல்லீரல் என்றால் இறந்தவரிடமிருந்து வர வேண்டும். அதற்குக் காத்திருக்க நேரம் இருக்காது. இல்லாவிட்டால் நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது மெல்ல வளர்ந்துவிடும். வாங்கியவருக்கும் வளரும். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் நல்லபடியாக இருக்கும் ஒரு ஆளின் வயிற்றைக் கிழிக்க வேண்டும்.

தாசனின் ரத்த வகை எனக்குச் சேரவில்லை. அவர் அதைக் கேட்டுவிட்டு வந்து, என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அத்தனை நேரம் அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

சேவியரின் வகை சேர்ந்தது. வயதும் சரி. உடம்பைப் பார்த்தால் கல்லில் செதுக்கினதுபோல இருப்பான். "அத்தான், நீங்க கவலைப்படாதிய. என்கிட்ட இருந்து எவ்வளவு வேணும்னாலும் எடுக்கட்டும்" என்று தாசனிடம் சொல்லிவிட்டு ரத்தம் கொடுக்கப் போனான். அவன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. செய்ததைத் தன் உடம்பாலேயே சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருப்பான்.

புனித வெள்ளி மதியம் அவன் திரும்பி வந்தான். என் கட்டில் ஓரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்தான்.

"என் ஈரலும் சரியில்லையாம்க்கா" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. எனக்குக் கசிந்த அதே பொருட்கள் அவன் ரத்தத்திலும் கசிந்திருந்தன. என் அளவுக்கு இல்லை. ஆனால் இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். கடுமையாக எடை தூக்குகிறவர்களுக்குத் தசையிலிருந்தும் அந்தப் பொருள் கொஞ்சம் வரும் என்பதால் டாக்டர் தசைக்கும் தனியாக ஒரு சோதனை செய்தார். அது கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. கெட்டது ஈரல்தான். மாத்திரையை உடனே நிறுத்து, உன்னிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஒரு வலி இல்ல, ஒரு சோர்வு இல்லக்கா. நல்லாத்தான இருந்தேன். உனக்கு வந்திருக்காட்டி நான் பாட்டுக்கு முழுங்கிட்டே இருந்திருப்பேன்."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் கையை மட்டும் தொட்டேன்.

மெர்லின் அதற்குள் பாளையங்கோட்டையிலிருந்து வந்துவிட்டிருந்தாள். மாமா சொன்னதைக் கதவருகே நின்று கேட்டவள், அப்படியே திரும்பிப் போய் நர்ஸிடம் தன் ரத்தத்தை எடுக்கச் சொல்லிவிட்டாள். எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் அவளுடையது சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

என் குழப்பம் தொடங்கியதும் அப்போதுதான். டாக்டர் காலையில் வந்து, இன்று என்ன கிழமை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றதற்கு, சென்ற மாதம் ஏற்றிய ஒரு கண்டெய்னரின் எண்ணை முழுதாகச் சொன்னேனாம். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார், தொண்ணூறுக்கு முன்பே வழி தவறினேன். ஆனால் மகளைப் பற்றிய பேச்சு மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

"எம் மக வயித்துல கத்தி வைக்க விடமாட்டேன்" என்றேன்.

"அம்மா, நான் டாக்டர்ட்ட எல்லாம் கேட்டுட்டேன்."

"நீ என்ன கேட்டாலும் சரி. கல்யாணம் ஆகல, படிப்பு முடியல. வேண்டாம்ளா."

"உன்கிட்ட சம்மதம் கேக்க நான் இங்கன வரல" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. தாசன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். இரண்டு பேரில் யாருக்காகப் பேசுவது என்று தெரியாத மனுஷரின் முதுகு அது. அந்த முதுகை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

டாக்டர் மெர்லினைத் தனியாக அழைத்துப் போய் நீண்ட நேரம் பேசினார். யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்பது வழக்கமாம். பிறகு என்னிடம் வந்தார். "இன்னும் அந்த இடத்துக்கு வரல. ஐ.என்.ஆர். இன்னும் ஏறினா உங்க முடிவைக் கேக்க நேரம் இருக்காது. ஏறாம நின்னா பேச்சே இல்ல. ரெண்டு நாள் பாக்கலாம்" என்றார்.

ஈஸ்டர் அன்று எனக்கு இன்னும் மோசம். அதையும் சொல்லத்தான் வேண்டும். அற்புதம் ஏதோ நடந்ததாக ஊரில் சிலர் சொல்கிறார்கள். அன்று நான் தாசனையே யார் என்று கேட்டிருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் வீட்டார் எங்களுக்கும் சேர்த்துப் பிரியாணி கொண்டுவந்தார்களாம். அவர்கள் முஸ்லிம்கள். இன்று உங்களுக்குப் பண்டிகையாச்சே என்று விசாரித்துக் கொடுத்தார்களாம். எங்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேரும் வராந்தாவில் நின்றபடியே சாப்பிட்டதாக மெர்லின் பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை ஐ.என்.ஆர். ஏறவில்லை. அதே இடத்தில் நின்றது. அடுத்த நாளும் நின்றது. அதற்கு மறுநாள் துளி இறங்கியது. டாக்டர் அந்தத் தாளைத் தாசனிடம் காட்டியபோது அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

குழப்பம் தெளிந்து நான் முதலில் உணர்ந்தது அரிப்பு. பித்தம் தோலுக்கு அடியில் தங்குவதால் வருவது. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் நெருப்பெறும்பு ஊறுவதுபோல அரிக்கும். சொறிந்தால் ரத்தம் வரும், வந்தால் நிற்காது. அதனால் மெர்லின் என் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். தாசன் வரும்போது அந்தத் துணியை அவர் வாங்கிக்கொள்வார். கிரேன் நெம்புகோலைப் பிடித்துக் காய்த்துப்போன கை அது. என் பாதத்தை அவ்வளவு மெதுவாகத் தொட முடியும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் மஞ்சள் முழுதாகப் போகப் பல வாரம் ஆனது. ஆபீஸ் காப்பீடு செலவில் பெரும்பகுதியைத் தாங்கியது. மீதியைத் தாசன் எங்கே புரட்டினார் என்று என்னிடம் சொல்லவில்லை. பசி மெல்லத் திரும்பியது. ஒரு நாள் நகரை மீன் சொதி வேண்டும் என்று கேட்டேன். அதைக் கேட்டதும் தாசன் சட்டையைக்கூட மாட்டாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பிவிட்டார்.

சேவியர் அந்த வாரங்களில் எங்கள் வீட்டுக்கு அதிகம் வரவில்லை. அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜிம்மைப் பூட்டிவிட்டு, அந்த டப்பாவை வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போயிருக்கிறான். மாத்திரையை நிறுத்துங்கள், ஈரலுக்கு ரத்தச் சோதனை பாருங்கள் என்று நேரில் சொல்லியிருக்கிறான். சிலர் கதவை முகத்துக்கு நேரே சாத்தினார்கள். ஒருவர், என் பணத்தையும் கொடு, என் மனைவிக்கு ஏதாவது ஆனால் உன்னையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சென்னை வியாபாரி போனில், உன் அக்காவுக்கு வேறு ஏதோ நோய் இருந்திருக்கும், என் வியாபாரத்தைக் கெடுக்காதே என்று சத்தம் போட்டிருக்கிறார். மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்யும் அரசு அமைப்புக்கு மதுரை டாக்டர் எங்கள் இரண்டு பேரைப் பற்றியும் எழுதினார். அதற்கு வேண்டிய டப்பாவையும் விவரங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தது சேவியர்தான்.

சோதனை செய்து பார்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு டீச்சருக்கு மட்டும் அளவு கூடியிருந்தது. நிறுத்தினார், இறங்கிவிட்டது. அந்த டீச்சர்தான் ஜிம்மைத் திற என்று சேவியரை விடாமல் நச்சரித்தவர். "நீ சொல்லித் தந்த நடை எனக்கு வேணும்ப்பா. டப்பா மட்டும் வேண்டாம்" என்றாராம்.

மழைக்காலம் முடிந்த பிறகு மதுரை டாக்டர் எனக்கு மறுபடி நடக்க அனுமதி கொடுத்தார். பயமாக இருந்தது. தெரு முனைவரை போய்த் திரும்பினாலே நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வேன். கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பேன். மெல்லப் பழகியது. எடை முன்போல வேகமாக இறங்கவில்லை. ஆனால் இறங்கியது. பிறகு எடுத்த ஸ்கேனில் பழைய கொழுப்பும் குறைந்திருந்தது. சர்க்கரையும் எல்லைக்குள் வந்துவிட்டது. இட்லி, மீன், கீரை, நடை. இவ்வளவுதான் நான் செய்தது.

போன மாதம் ஒரு காலை, கடற்கரைச் சாலையில் நானும் சேவியரும் நடந்துகொண்டிருந்தோம். அவனுடைய கடைசி ரத்தச் சோதனை முந்தின நாள்தான் வந்திருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது. துறைமுகத்தின் பக்கம் ஒரு கப்பல் உள்ளே வரக் காத்து நின்றது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, எம்மேல கோவம் உண்டா?"

ஒரு வருஷமாக அவன் கேட்காத கேள்வி. தம்பியிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்.

"இருந்துச்சு. மெர்லின் எனக்காக வயித்தக் கிழிச்சுக்கிடுதேன்னு நின்னாள்லா, அன்னைக்கு உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல."

அவன் தலையை ஆட்டினான். அதை எதிர்பார்த்தவன் போலத்தான் இருந்தான்.

"இப்போ?"

"எனக்குச் சரியாயிட்டுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு நான் அழல சேவியர். நேத்து உன் ரத்தம் சரியாயிட்டுன்னு அத்தான் வந்து சொன்னாவ. அடுக்களைக்குள்ள போய் அழுதுட்டு வந்தேன்."

அவன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். எதிரே நடந்து வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தான்.